பேரழிவுக்குப் பிறகான ஆர்பிஜியில் சாப்பாட்டுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம்களில் (ஆர்பிஜி), போரோ கொள்ளைநோயோ வந்து உலகம் கவிழ்ந்த பிறகு பிழைத்திருப்பவர்களின் கதையை நடத்துகிறவர்களுக்காக இது. எந்த ரூல்புக் வைத்து ஆடினாலும் பொருந்தும்படிதான் எழுதியிருக்கிறேன். துப்பாக்கிகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும் புத்தகங்கள் சாப்பாட்டுக்கு ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கின்றன, அதனால் புதிதாக கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர், ஆகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள்.

சாப்பாட்டைக் கணக்கு வைக்கத்தான் வேண்டுமா? போரடிக்காதா?

ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனியாகக் குறித்தால் போரடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கையே தூக்கிப் போட்டுவிட்டால் கேரக்டர்கள் பத்திரமான இடத்தை விட்டு வெளியே போவதற்கான காரணமே போய்விடும். பிழைப்புக் கதையில் ஒருவன் ஆபத்தான இடத்துக்குப் போவது பெரும்பாலும் வயிற்றுக்காகத்தான். அரிசி தீரும் நாள் தெரிந்தால்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கும்பலோடு பேசிப் பார்ப்பதா, ராத்திரியில் திருடுவதா, இன்னும் ஒரு வாரம் அரை வயிற்றோடு இருப்பதா என்ற வாக்குவாதம் கிளம்பும். அந்த வாக்குவாதத்துக்காகத்தான் இந்தக் கணக்கு எல்லாமே.

என் வழி இது: ஒரே தாள், குழு முழுவதற்கும் சேர்த்து ஒரே இருப்பு, கதைக்குள் ஒரு வாரம் கழிந்தால் ஒரு தடவை கழித்தல், அவ்வளவுதான். தாளை கேம் மாஸ்டர் வைத்துக்கொள்ளக் கூடாது, பிளேயர்களில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். ஏன் என்பது பங்கீடு பற்றிய கேள்வியில் வருகிறது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நெருக்கடிக் காலத்துக்கு வைத்திருக்கும் அடிப்படைக் கணக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி. அரிசியோ கோதுமையோ பருப்போ, உலர்ந்த தானியம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கிலோகலோரி தரும், ஆக ஒருவரின் ஒரு நாள் சாப்பாடு 600 கிராம் தானியம். இதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிடுங்கள். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றில் 80 பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அதாவது நாலு பேர் கொண்ட குழுவுக்கு 20 நாள்.

பிளேயர்கள் ஆச்சரியப்படுவது எண்ணெயில்தான். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் கிட்டத்தட்ட 4 பங்கு. சூறையாடப்பட்ட கடையில் நுழைந்தவுடன் எல்லோரும் பிஸ்கெட்டையும் நூடுல்ஸையும் அள்ளுவார்கள், அடியில் கிடக்கும் எண்ணெய் டின்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் சுமார் 300 கிலோகலோரிதான், ஒரு ஆளுக்கு நாளைக்கு ஏழு பாக்கெட் வேண்டும். வேர்க்கடலை ஒரு கிலோ இரண்டரைப் பங்குக்கு மேலே வரும், வெல்லம் ஒன்றே முக்கால். வெள்ளரிக்காயை மட்டும் தின்று ஒரு பங்கு தேற்ற வேண்டுமென்றால் 14 கிலோ தின்ன வேண்டும்.

2,100 என்பது குழந்தைகள், பெரியவர்கள், முதியவர்கள் எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. பாரம் சுமந்து நாள் முழுக்க நடப்பவருக்கும் குளிரில் விறகு வெட்டுபவருக்கும் 3,000-க்கு மேல் போகும், அவர்களுக்கு ஒன்றரைப் பங்கு எழுதுங்கள். பதுங்கியிருக்கும் வாரத்துக்கும் பயணம் போகும் வாரத்துக்கும் இருக்கும் இந்த வித்தியாசம் ஒன்றே நிறைய முடிவுகளை மாற்றிவிடும்.

கழித்தல் கூட்டல் எல்லாம் வேண்டாம், டைஸ் மட்டும் வைத்து நடத்த முடியாதா?

முடியும். பழைய பாணி டஞ்சன் ஆட்டங்களில் புழங்கும் சுருங்கும் டைஸ் முறை தெரியுமல்லவா: ஒரு பொருளுக்கு எட்டுமுக டைஸ் என்று எழுதிவிடுகிறீர்கள், பயன்படுத்தும்போதெல்லாம் உருட்டுகிறீர்கள், 1 அல்லது 2 விழுந்தால் ஆறுமுகமாகக் குறையும், பிறகு நான்குமுகம், பிறகு காலி. சராசரியாகப் பார்த்தால் எட்டுமுகத்தில் தொடங்கிய பொருள் 9 தடவை தாங்கும், ஆறுமுகம் 5, பத்துமுகம் 14, பன்னிரண்டுமுகம் 20.

தீக்குச்சி, உப்பு, மருந்து, டார்ச் பேட்டரி இதற்கெல்லாம் இது அருமையான வழி. முக்கிய தானியத்துக்கு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. மூட்டையில் இன்னும் எத்தனை படி மிச்சம் என்று தெரியாமல் பஞ்சத்தில் எந்த வீடும் இருக்காது, கண்ணெதிரே குறைவதுதானே பயமே. அதை டைஸின் திடீர் அதிர்ஷ்டத்துக்கு விட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது.

எவ்வளவு தூக்கிக்கொண்டு நடக்க முடியும்?

நாள்கணக்கில் நடக்கும் ஒருவருக்கு 20 கிலோ என்பது நியாயமான சுமை. அது முழுவதும் அரிசி என்றால் நடப்பவருக்கான ஒன்றரைப் பங்குக் கணக்கிலேயே ஒருவருக்கு மூன்று வாரம் வரும், கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் அதே ஆள் நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பார், வெயிலில் இன்னும் கூட, வழியில் தண்ணீர் இல்லையென்றால் ஐந்து நாளைக்கு 15 கிலோ தண்ணீர் மட்டுமே ஆகிவிடும். பாதையை முடிவு செய்வது தண்ணீர்தான், சாப்பாடு இல்லை. அப்புறம் பாத்திரம், போர்வை, மருந்து, ஆயுதம் எல்லாம் அதே 20 கிலோவுக்குள் வர வேண்டும்.

பெட்ரோல் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் கெட ஆரம்பித்துவிடும், அதனால் பேரழிவு நடந்து நாலைந்து வருடம் ஆன கதையில் கார் ஓடுவது சினிமா. சைக்கிள் கிடைத்தால் ஆட்டமே வேறு. 1954-இல் பிரெஞ்சுப் படையை வளைத்த தியென் பியென் ஃபூ முற்றுகைக்கு வியட்நாமியர்கள் சைக்கிளில் மூங்கிலைக் கட்டி, ஏறி ஓட்டாமல் கூடவே தள்ளிக்கொண்டு, ஒரு வண்டிக்கு 200 கிலோ வரைக்கும் மலைப்பாதையில் கொண்டுபோனார்கள். நாலு மூட்டை அரிசி! உங்கள் உலகில் டயரும் டியூபும் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவரும் துப்பாக்கியைவிட மதிப்பானவர்களாக இருக்கட்டும்.

வேட்டையாடியே பிழைக்க முடியாதா?

எல்லா மேசையிலும் ஒரு வில்லாளி இருப்பார், இந்தக் கேள்வியும் அவரிடமிருந்துதான் வரும். கணக்குப் பார்ப்போம். ஒரு நல்ல புள்ளிமான் கிடைத்து 30 கிலோ இறைச்சி தேறியது என்று வைத்துக்கொள்வோம். மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, 100 கிராமுக்கு 120 கிலோகலோரி போல, ஆக மொத்தம் 36,000. அது 17 பங்கு. ஒரு அரிசி மூட்டையில் இருப்பதில் நாலில் ஒன்றுகூட இல்லை. அதையும் நாலு பேர் நாலு நாளில் தின்று முடிக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு போட்டு உப்புக்கண்டம் ஆக்க வேண்டும், உப்பு இருக்கிறதா? வெயில் ஊரில் மறுநாளே நாற ஆரம்பித்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுப்போ மாவுச்சத்தோ இல்லாமல் வெறும் மெலிந்த இறைச்சியை மட்டும் தின்றால் உடம்பு அத்தனை புரதத்தைக் கையாள முடியாமல் திணறும், வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்து, தின்னத் தின்ன பசி அடங்காது. வட அமெரிக்காவின் வடபகுதியில் முயலை மட்டும் நம்பிக் குளிர்காலத்தைக் கடத்தப் பார்த்தவர்களுக்கு இது நடந்திருக்கிறது, முயல் பட்டினி என்றே பெயர். ஆகவே வேட்டை கிடைத்த வாரத்தில் குழு ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை, கொழுப்பு இவற்றுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும், தொடைக்கறிக்கு இல்லை. மீன் பிடிப்பது, கண்ணி வைப்பது, கோழி வளர்ப்பது எல்லாம் செலவழிக்கும் சக்திக்கு வேட்டையைவிட நல்ல வரவு. சுவாரசியம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

சாப்பிடாமல் எத்தனை நாள் தாங்கும்? பசிக்கு என்ன பெனால்டி போடலாம்?

மூன்று நாள் சாப்பிடவில்லை என்றால் சாவு என்று எழுதியிருக்கும் ரூல்களைக் கிழித்துவிடலாம். தண்ணீர் இல்லாமல்தான் சில நாளில் கதை முடியும். 1981-இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்த பத்துப் பேரும் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு 46 முதல் 73 நாள் வரை உயிரோடு இருந்தார்கள்.

அரை வயிறு எப்படி இருக்கும் என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையைப் பார்க்க வேண்டும். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், 24 வாரம், நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கிலோகலோரி, கூடவே வாரம் 22 மைல் நடை. உடல் எடையில் நாலில் ஒரு பங்கு போனது. யாரும் சாகவில்லை. ஆனால் அவர்கள் ஆளே மாறிப்போனார்கள்: கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சாப்பாட்டைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி இரண்டு மணி நேரம் வைத்துச் சாப்பிட்டார்கள், நண்பர்கள்மேல் எரிந்து விழுந்தார்கள், பெண்கள்மேல் இருந்த ஆசை வற்றிப்போனது.

இவற்றை வைத்து நான் போடும் கணக்கு: பட்டினிக்கு எட்டுக் கோடு. ஒன்றுமே சாப்பிடாத வாரத்துக்கு ஒரு கோடு, அரைப் பங்கில் கழித்த நாலு வாரத்துக்கு ஒரு கோடு. எட்டாவது கோட்டில் சாவு. சிறையில் படுத்திருந்தவர்களுக்கு இது சரி, மூட்டை சுமந்து நடப்பவர்களுக்குக் கோடுகள் இரட்டிப்பு வேகத்தில் ஏறட்டும். முதல் இரண்டு கோட்டுக்கு எண்ணில் எந்தப் பெனால்டியும் இல்லை, அதற்குப் பதில் அந்த கேரக்டர் ஒவ்வொரு செஷனிலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு தடவையாவது பேச வேண்டும், யாரிடமாவது ஒரு தடவை சிடுசிடுக்க வேண்டும். மூன்றாவதிலிருந்து பலமும் தாங்குதிறனும் கோட்டுக்கு ஒன்று குறையும். ஐந்தாவதில் காயம் ஆறாது, குளிர் தாங்காது. தேறுவதும் மெதுவாகத்தான், முழுப் பங்கு சாப்பிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு கோடு இறங்கும்.

டின் உணவு எத்தனை வருடம் தாங்கும்? தேதி முடிந்திருந்தால் டைஸ் உருட்டச் சொல்லலாமா?

டின்மேல் அச்சிட்ட தேதி பெரும்பாலும் ருசிக்கும் தரத்துக்குமான தேதி. பெர்ட்ரண்ட் என்ற நீராவிப் படகு 1865-இல் மிசௌரி ஆற்றில் முழுகியது. நூறு வருடம் கழித்து, 1968-இல், தோண்டி எடுத்தார்கள். அதிலிருந்த டின்களை 1974-இல் ஆய்வகத்தில் திறந்து பார்த்தபோது மணமும் நிறமும் போயிருந்தன, வைட்டமின்கள் குறைந்திருந்தன, ஆனால் நச்சுக் கிருமி எதுவும் இல்லை. ஆகவே டின் நசுங்காமல், துருப்பிடிக்காமல், உப்பாமல் இருந்தால் ஐந்து வருடம் பழையதுக்கெல்லாம் டைஸ் வேண்டாம். தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புச் சரக்கு மட்டும் டின்னையே அரித்துவிடும், அது ஒன்றரை வருடத்திலிருந்து சந்தேகம்தான்.

உப்பிய டின் வேறு கதை. போட்டுலிசம் நச்சு இருந்தால் ஒன்று ஒன்றரை நாளில் கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நாக்கு குழறும், பிறகு மூச்சுத் தசை நிற்கும். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் நச்சு அழியும், ஆனால் நிஜத்தில் அந்த டின்னை யாரும் தொடக் கூடாது. ஆட்டத்தில் இதை மறைத்து வைத்து டைஸ் போடாதீர்கள். "டின் லேசாக உப்பியிருக்கிறது, உள்ளே மாட்டுக்கறி, கடைசியாகச் சாப்பிட்டது முந்தாநாள்" என்று திறந்தே சொல்லிவிட்டு அவர்களைப் பேச விடுங்கள்.

தானியத்தில் விஷயம் வேறு. காற்றுப் புகாமல் அடைத்த வெள்ளை அரிசி பல பத்து வருடம் இருக்கும், சாதாரண சாக்கில் இருப்பதை வண்டும் எலியும் ஈரமும் பங்கு போட்டுக்கொள்ளும். தீட்டாத அரிசி அதன் தவிட்டு எண்ணெயால் ஆறு மாதத்திலேயே சிக்கு வாடை அடிக்கும். எண்ணெயும் ஒன்றிரண்டு வருடத்தில் காறிப்போகும், ஆனால் பட்டினியில் இருப்பவர் அதையும் சாப்பிடுவார். உப்பு, சர்க்கரை, தேன் கெடவே கெடாது.

அரிசி மட்டும் மலைபோல் கிடைத்துவிட்டது. அப்போது கதை முடிந்ததா?

இப்போதுதான் ஆரம்பிக்கிறது. தீட்டிய பச்சரிசியை மட்டும் தின்று கொண்டிருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தயமின் குறைந்து பெரிபெரி வரும்: கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் பாதிக்கும். 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்க முடியாமல் விழுவதைப் பார்த்துத்தான் இதன் நூல் பிடிபட்டது, 1929-இல் அவருக்கு நோபல் பரிசு. புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே கிடங்கில் கிடந்தது பச்சரிசியா புழுங்கலா என்பது உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். பிளேயர்கள் கேட்க மாட்டார்கள், கேட்காததுதான் வேடிக்கை. கதை அமெரிக்காவில் நடந்து குழு மக்காச்சோளத்தை மட்டும் நம்பினால் பெல்லக்ரா என்ற வைட்டமின் குறைவு நோய் வரும், சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் மெக்சிகோ வழக்கம் தெரிந்த ஒரு பாட்டி அங்கே மருத்துவருக்குச் சமம்.

வைட்டமின் சி இல்லாமல் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஸ்கர்வி. ஈறு வீங்கும், பல் ஆடும், அதோடு ஆறிப்போன பழைய காயங்கள் மறுபடி திறந்துகொள்ளும். முதல் செஷனில் வாங்கிய கத்திக்குத்து பத்தாவது செஷனில் தானாகத் திறந்தால் மேசையே அமைதியாகிவிடும். தீர்வு மலிவு: பயறை முளைகட்டினால் போதும், நெல்லிக்காய், முருங்கைக்கீரை, குளிர்நாட்டில் பைன் ஊசியிலைச் சாறு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் முற்றுகைக்குள் இருந்த ரஷ்ய நகரமான லெனின்கிராட்டில் அந்தச் சாற்றைத் தொழிற்சாலை வைத்தே தயாரித்தார்கள்.

சமைப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

எடுங்கள், ஆனால் சுருக்கமாக. அரிசியைப் பச்சையாகத் தின்ன முடியாது. மூன்று கல் அடுப்பில் சமைத்தால் ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு ஆகும், நாலு பேருக்கு மாதம் 120 கிலோ. நகரத்தில் அது மேசை நாற்காலி, பிறகு கதவு, பிறகு புத்தகம். விறகைவிட முக்கியம் புகையும் வாசனையும், பசித்தவன் மூக்குக்குச் சோறு வேகும் வாசம் தெரு கடந்து எட்டும். "இன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கிறீர்களா?" என்ற ஒரு கேள்வியை வாரம் ஒரு தடவை கேட்டாலே போதும்.

புத்தகங்களில் இருப்பதெல்லாம் பனி, சூப்பர்மார்க்கெட், மான். கதையை நம் ஊரில் வைத்தால் என்ன மாறும்?

நிறைய மாறும். நம் ஊர் மளிகைக்கடையில் டின் உணவு கிட்டத்தட்ட கிடையாது, அதனால் அலமாரி அலமாரியாக டின் தேடும் காட்சி இங்கே எடுபடாது. சரக்கு இருப்பது அரிசி ஆலை, நேரடி கொள்முதல் நிலையம், நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கு, ரேஷன் கடை. ரேஷன் கடை முதல் வாரமே காலியாகியிருக்கும். நெல் கிடங்குதான் உண்மையான புதையல், உமி மூடியிருப்பதால் நெல் அரிசியைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் மின்சாரம் இல்லாமல் அதை அரிசியாக்க உரலும் உலக்கையும் ஆள்பலமும் வேண்டும், கிடைப்பதும் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். கேழ்வரகு இன்னும் நல்லது, பூச்சி அதை லேசில் அண்டாது.

நான் நடத்திய ஒரு ஆட்டத்தில் குழு டெல்டாவில் ஒரு கிடங்கைக் கண்டுபிடித்தது. கூரை ஓரிடத்தில் ஓட்டை, அதன் கீழே இருந்த மூட்டைகளில் நெல் முளைத்துப் பச்சையாகப் படர்ந்திருக்கிறது, ஓரத்தில் ஒன்பது மூட்டை மட்டும் காய்ந்து நன்றாக இருக்கிறது. இவர்களிடம் ஒரே ஒரு சைக்கிள். ஐப்பசி பிறந்துவிட்டது, மேற்கே இடி. ஒருவர் இன்றிரவே மூன்று நடையாகக் கடத்திவிடலாம் என்கிறார், இன்னொருவர் கூரையில் ஏறித் தார்ப்பாய் போட்டுவிட்டு இங்கேயே தங்கலாம் என்கிறார், மூன்றாமவர் பக்கத்து ஊரைக் கூப்பிட்டுப் பாதியைக் கொடுத்துவிட்டு அவர்கள் மாட்டு வண்டியைக் கேட்போம் என்கிறார். அந்தச் செஷன் முழுக்க ஒரு சண்டைகூட நடக்கவில்லை, யாரும் கைப்பேசியைத் தொடவும் இல்லை.

தண்ணீரில் ஒரு கொக்கி வையுங்கள்: ஆயிரம் அடி போர்வெல் கரண்ட் போன நிமிடமே செத்துவிட்டது. அடிபம்பு ஏறக்குறைய 150 அடி ஆழம் வரைதான் இழுக்கும். கிணறும் ஏரியும் உயிரோடு இருக்கும் ஊர்களே தப்பிக்கும் ஊர்கள். பிறகு பனை: கோடையில் நுங்கு, பதநீர், கருப்பட்டி, பொங்கலை ஒட்டிக் கிழங்கு, அதைக் காயவைத்து இடித்தால் மாவு. யாழ்ப்பாணத்தில் இதே ஒடியல் மாவில்தான் கூழ் காய்ச்சுகிறார்கள். கடற்கரையில் கருவாடு போட மூன்று நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு வேண்டும், ஆகவே மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது உங்கள் அரசியலைத் தீர்மானிக்கட்டும்.

விவசாயம் எப்போது பலன் தரும்?

பிளேயர்கள் நினைப்பதைவிட மெதுவாக. கீரை ஒரு மாதம், முள்ளங்கியும் அப்படித்தான், ஆனால் இவற்றில் கலோரி இல்லை. சர்க்கரைவள்ளி மூன்று நாலு மாதம், குறுகிய கால நெல் 105-110 நாள், மரவள்ளி ஒன்பது பத்து மாதம். மரவள்ளியைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவைக்கலாம் என்பது கொள்ளையர் நடமாடும் உலகில் பெரிய வசதி, கசப்பு ரகமாக இருந்தால் சரியாக ஊறவைத்து வேகவைக்காவிட்டால் சயனைடு.

உரமும் பம்பும் இல்லாமல் ஏக்கருக்கு ஒரு டன் நெல் என்று வையுங்கள், அதுவே தாராளம். அரிசியாக 670 கிலோ, மூன்று பேருக்கு ஒரு வருடம். அதில் அடுத்த போகத்துக்கு 20-30 கிலோ விதைநெல் எடுத்துவைக்க வேண்டும், எட்டுக் கோட்டில் ஆறாவது கோடு ஏறிய கேரக்டர் முன்னால் அந்த விதைநெல் சாக்கை வையுங்கள். லெனின்கிராட்டில் இருந்த வவிலோவ் விதை ஆய்வு நிலையத்தில், டன் கணக்கில் அரிசியும் உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் பாதுகாத்துக்கொண்டே பல விஞ்ஞானிகள் பட்டினியில் இறந்தார்கள், விதையைத் தொடவில்லை. ஹைப்ரிட் விதையை எடுத்துவைத்து விதைத்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது என்பதையும் ஏமாற்றத்துக்காகப் பயன்படுத்தலாம்.

பங்கீட்டை ஆட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கரண்டி யார் கையில் என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும், இருப்புத் தாளும் அந்தப் பிளேயரிடமே இருக்கட்டும். எல்லோருக்கும் சமமா, உழைப்பவருக்குக் கூடுதலா, காயம்பட்டவருக்குக் கூடுதலா, புதிதாக வந்து சேர்ந்த அண்ணன் தங்கைக்கு முதல் நாளிலிருந்தே முழுப் பங்கா? லெனின்கிராட்டில் 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு 250 கிராம் ரொட்டி, மற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவைத் தவிர என்னென்னவோ கலப்படம். ரேஷன் அட்டையைத் தொலைத்தவர் செத்த மாதிரிதான். எந்தப் பிரிவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே உயிரா சாவா என்று ஆனது.

தாள் வைத்திருப்பவரிடம் மட்டும் தனியாக ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள்: "மூட்டையின் அடியில் எலி கடித்த ஓட்டை, எட்டுப் பங்கு குறைகிறது." அவர் மற்றவர்களிடம் சொல்வாரா, சொன்னால் அவர்கள் எலியை நம்புவார்களா? நான் இதை ஒரு குழுவுக்கு ஒரு தடவைக்கு மேல் செய்வதில்லை, இரண்டாம் தடவை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்.

பட்டினியில் கிடந்த ஒருவரைக் குழு மீட்டால்?

முதலில் வயிறு நிறையச் சோறு போடுவார்கள், அதுதான் ஆபத்து. நாள்கணக்கில் வெறும் வயிற்றோடு இருந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து இதயம் நின்றுவிடலாம். 1945 ஏப்ரல் 15-இல் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமை விடுவித்த பிரிட்டிஷ் வீரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த டின் இறைச்சியைத் தின்று பலர் இறந்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட ஒரு கலவையை, அரிசியும் சர்க்கரையும் பால்பவுடரும் சேர்ந்தது, அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். தித்திப்பு தாங்காமல் பலரால் அதைக் குடிக்க முடியவில்லை. நாலு கோட்டுக்கு மேல் ஏறிய யாரும் முதல் வாரத்தில் அரைப் பங்குக்கு மேல் சாப்பிட்டால் தாங்குதிறன் டைஸ். கஞ்சித் தண்ணீரில் தொடங்கத் தெரிந்த நர்ஸ் கேரக்டருக்கு இங்கே ஒரு பெரிய தருணம் கிடைக்கும்.

உணவையே காசாகப் பயன்படுத்தலாமா?

தானியம் கனம், கெடும், தின்றுவிடுவார்கள். போஸ்னியாவில் 1992-96 சரயேவோ முற்றுகையில் சிகரெட் காசாகப் புழங்கியது. உங்கள் உலகில் உப்பு, பீடி, தீப்பெட்டி, சானிடரி நாப்கின் என்று ஊருக்கு ஊர் வேறாக இருக்கட்டும்.

மனித இறைச்சி?

நிஜப் பஞ்சங்களில் நடந்திருக்கிறது, லெனின்கிராட்டிலும் ஆவணங்கள் உண்டு. ஆனால் மலிவான அதிர்ச்சிக்காக வைக்காதீர்கள். முதல் செஷனுக்கு முன்பே மேசையில் கேட்டுவிடுங்கள், ஒருவர் வேண்டாமென்றாலும் வேண்டாம். பசி, எடை குறைவது இவை பற்றியே பேச விரும்பாதவர்களும் இருப்பார்கள், சாப்பாட்டோடு நிஜ வாழ்க்கையில் போராடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்களுக்காகக் கோட்டுக் கணக்கை எடுத்துவிட்டு, இருப்பை மட்டும் வைத்து நடத்தினாலும் ஆட்டம் நன்றாகவே ஓடும்.

செஷன் நடக்கும்போது நிஜமாகவே நொறுக்குத்தீனி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முறுக்குத் தட்டைத் தாள் வைத்திருக்கும் பிளேயர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் "எனக்கு ரெண்டுதான் வந்துச்சு" என்பார்.